தார்ப்பாய் மஞ்சள்

வானம் மூடிக்கொண்டால் ஊரே முகத்தைச் சுளிக்கும். கேமராக்காரம்மாவுக்கு மட்டும் மனசு குளிர்ந்துவிடும். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, முழங்காலுக்குப் போட்டுக்கொள்ள ஒரு பழைய சாக்கையும் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். நல்ல வெயிலில் மாட்டைப் படம் எடுத்தால் முதுகு வெள்ளை, வயிறு கறுப்பு, நடுவில் மாடு எங்கே என்று தேட வேண்டும். மேகத்தின் அடியில் அந்த வம்பெல்லாம் இல்லை. செவலை செவலையாக இருக்கும், சாம்பல் சாம்பலாக இருக்கும், காதோர மயிர்கூட அதனதன் நிறத்தில் நிற்கும்.

பேருந்து நிலையத்தை ஒட்டிய தெருவில் அவளுக்கும் அவள் புருஷனுக்கும் ஒரு ஸ்டுடியோ. முன்னால் கண்ணாடிக் கதவு, அதன் பின்னால் கம்ப்யூட்டர், அதற்கும் பின்னால் ஒரு திரை, திரைக்கு அப்பால் குடித்தனம். ஆடு, மாடு, குதிரை, நாய் விற்கிறவர்கள் இப்போதெல்லாம் முதலில் ஃபோனில்தான் விற்கிறார்கள். அதற்குப் படம் வேண்டும். படம் எடுப்பது அவள். எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி அனுப்புவது அவள் புருஷன். கடைத்தெருவில் அவருக்குப் பெயர் பளபளா.

அந்தப் பெயர் சும்மா வரவில்லை. எந்தப் படமும் அவர் கையில் ஒரு குளியல் போடாமல் வெளியே போகாது. கறுத்த வானத்தை நீலமாக்குவார். நீலம் போதாது என்று தோன்றினால் அந்திச் சிவப்பைக் கொண்டுவந்து ஒட்டுவார். காய்ந்த புல் பச்சைப் பசேல் என்று ஆகிவிடும். எல்லாவற்றுக்கும் மேல், கண்ணில் ஒரு வெளிச்சப் பொட்டு வைப்பார். ஆட்டுக்கும் வைப்பார், குதிரைக்கும் வைப்பார், பாஸ்போர்ட் படத்துக்கு வந்த பேங்க் மேனேஜருக்கும் வைப்பார். கல்யாண வீடுகளில் பெண்ணின் முகப்பருவை எடுத்து எடுத்துப் பழகின கை. பார்க்கிறவர்கள் சந்தோஷப்பட்டால் போதும் என்று நினைக்கிற மனுஷன், அதில் கெட்ட எண்ணம் கடுகளவும் கிடையாது. சும்மா சொல்லக் கூடாது.

ஆனால் அவள் எடுத்த படத்தை அவர் தொட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"என்னங்க இது? புல்லு எந்த ஊர்ல இந்தப் பச்சையில முளைக்குது?"

"பாக்கறவங்களுக்குக் கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கட்டுமேன்னுதான்."

"ஆட்டுக்குக் கண்ணுல பல்பு எரியுது. பின்னாடி சூரியன் மறையுது, முன்னாடியும் வெளிச்சம் அடிக்குது. எத்தனை சூரியன் உங்களுக்கு?"

"கண்ணுல ஒரு உயிர் வேணாமா?"

"அதுக்குத்தான் உசுரு இருக்குல்ல? நீங்க வேற தனியாக் குடுக்கணுமா?"

அவர் சிரிப்பார். சிரித்துவிட்டு அடுத்த படத்தை எடுத்துக் குளிப்பாட்டுவார். ஒருமுறை ஆடு வாங்க வந்த ஆள் கொட்டகைக்குள் நின்றுகொண்டே, "படத்துல இருந்த ஆட்டைக் காட்டுங்க, இதையெல்லாம் நான் கேக்கலை" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். ஆட்டுக்காரர் ஸ்டுடியோவுக்கு வந்து அரைமணி நேரம் கத்தினார். பளபளா அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். அத்தோடு திருந்தினாரா என்று கேட்காதீர்கள்.

அவள் மழை ஈரத்தில் மண்டிபோட்டு, தகர டப்பாவில் சோளத்தைக் குலுக்கிக் குலுக்கி, காது முன்னால் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்து எடுக்கிற படம் அது. ஃபிளாஷ் அடிக்க மாட்டாள். அடித்தால் நாய்க்குக் கண் பச்சையாக எரியும், கன்றுக்குட்டி பயந்து கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். இவ்வளவு பாடுபட்டு உள்ளதை உள்ளபடி கொண்டுவந்து கொடுத்தால் இவர் உட்கார்ந்த இடத்திலேயே வேறு ஒரு பிராணியைச் செய்துவிடுகிறாரே என்று அவளுக்கு ஆற்றாமை. சண்டை போட்டுப் போட்டு அலுத்துப் போய், கடைசியில் கேமராவிலிருந்து கார்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அவர் என்ன செய்கிறார் என்று பார்ப்பதையே விட்டுவிட்டாள். அதுதான் வினையாகப் போனது.

அந்த வருஷம் மழை பிடித்தது பிடித்ததுதான். பகலா சாயங்காலமா என்று தெரியாத வெளிச்சம். துணி காயவில்லை. ஸ்டுடியோச் சுவரில் மாட்டியிருந்த படங்களுக்குப் பின்னால் பூஞ்சை பூத்தது. ஆற்றின் மேல் இருந்த தரைப்பாலம் தண்ணீருக்குள் போய்விட்டது. மாட்டு டாக்டர் அக்கரையில் மாட்டிக்கொண்டார். இக்கரையில் ஒரு கம்பவுண்டர், அவரிடம் ஒரு மருந்துப் பெட்டி, அவ்வளவுதான். மாடுகள் ஒவ்வொன்றாகப் படுக்க ஆரம்பித்தன.

ஒரு காலையில் அண்ணனிடமிருந்து ஃபோன் வந்தது.

"பாப்பா, செவலை தீனி எடுக்கலை."

அண்ணன் வீடு செங்கல் சூளையைத் தாண்டி ஊரின் கடைசியில் இருந்தது. சூளையில் கல் தூக்கி நடு முதுகு போனபிறகு அவரால் கனமான வேலை எதுவும் முடியாது. இருப்பது அந்த ஒரு பசு. அது கறக்கிற பாலை சைக்கிளில் கொண்டுபோய் டீக்கடைக்கும் ஹாஸ்டலுக்கும் ஊற்றித்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. இரண்டாவது கன்று போட்டுப் பால் நன்றாக இறங்கிய நேரம். செவலைக்கு ஒன்று என்றால் அண்ணனும் அண்ணியும் எதை வைத்துக்கொண்டு நிற்பார்கள்?

"டாக்டர்கிட்டச் சொன்னியா?"

"பேசினேன். நான் ஃபோன்ல எடுத்து அனுப்பின படத்தைப் பாத்துட்டுத் திட்டறாரு. இந்த ஃபோன் எல்லாத்தையும் ரோஸாக்கிடுதாம். கண்ணும் ரோஸு, ஈறும் ரோஸு, பக்கத்துல நின்ன என் மூக்கும் ரோஸுன்றாரு. 'உன் தங்கச்சிதான் நல்ல கேமரா வெச்சிருக்கே, அதை வரச் சொல்லுய்யா'ன்றாரு."

பிறகு டாக்டரே அவளை அழைத்தார். அவசரக்காரர். எதிர்முனையில் யாரோ கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு கத்துவது கேட்டது.

"இங்க பாரும்மா. ஃபிளாஷ் கூடாது. மாட்டை வெளிய வெட்டவெளிச்சத்துக்குக் கூட்டிட்டு வரணும். கீழ் இமையை இழுத்து உள்பக்கம் ஒண்ணு, ஈறு ஒண்ணு. மஞ்சள் இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியணும். உண்ணிக் காய்ச்சலா இருந்தா மஞ்சள் காட்டும். அப்படின்னா கம்பவுண்டர்கிட்ட ஊசி இருக்கு, இன்னிக்கே போட்டா எழுந்துடும். மிச்சம் கொஞ்சம்தான் இருக்கு, சந்தேகத்துக்கெல்லாம் போட முடியாது. புரியுதா?"

"புரியுது டாக்டர்."

"உள்ளது உள்ளபடி வரணும்."

"வரும்."

அப்படித்தான் சொன்னாள். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அண்ணன் வீட்டுக் கொட்டகைக்கு ஓடு போய் வெகுநாள் ஆகிறது. மேலே ஒரு பெரிய மஞ்சள் தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருந்தார்கள். மழை ஆரம்பித்த புதிதில் பளபளாவே ஏணி போட்டு ஏறி, நனைந்துகொண்டே கட்டிக் கொடுத்தது. நீலம் கிடைக்காமல் மஞ்சள் வாங்கி வந்தது பற்றி அன்றைக்கு மச்சானும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டார்கள். அதன் அடியில் நின்றால் வைக்கோல், வாளி, அண்ணியின் முகம் எல்லாமே மஞ்சள் பூசிக்கொண்ட மாதிரி இருக்கும்.

செவலை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. மூக்கு காய்ந்திருந்தது. காதைத் தொட்டுப் பார்த்தாள், கொதித்தது. தவிட்டுத் தண்ணீர் வாளி அப்படியே இருந்தது, மேலே ஒரு ஆடை படிந்திருந்தது. கன்று ஓரத்தில் கட்டிக் கிடந்து கத்திக்கொண்டிருந்தது.

"நேத்திலிருந்து அசை போடலை" என்றாள் அண்ணி. "வாயைக் கட்டின மாதிரி நிக்குது. ஒரு வாய் கஞ்சியாவது குடிடீன்னு கெஞ்சறேன், கேக்கறாளா?"

"வெளிய கூட்டிட்டு வாண்ணா. இந்தத் தார்ப்பாய்க்கு அடியில எடுத்தா நம்ம எல்லாருக்குமே காமாலைன்னு டாக்டர் எழுதிக் குடுத்துடுவாரு."

அண்ணன் சிரித்தார். அந்த வீட்டில் அன்றைக்கு யாராவது சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

செவலையை அடி அடியாக வெளியே கொண்டுவந்தார்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. அண்ணன் குடையைக் கேமராவுக்குப் பிடித்தார், தலையைக் கொம்போடு சேர்த்து அண்ணி பிடித்துக்கொண்டாள். நல்ல வெளிச்சம். எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் எல்லாப் பக்கமும் சமமாக விழுகிற வெளிச்சம். அவள் சேற்றில் மண்டிபோட்டு, அண்ணன் இமையை இழுத்ததும் எடுத்தாள். உதட்டைத் தூக்கியதும் ஈறை எடுத்தாள். லென்ஸில் துளி விழுந்தது, துடைத்துவிட்டு மறுபடியும் எடுத்தாள்.

"ஏங்க, மஞ்சளாத் தெரியலை உங்களுக்கு?" என்றாள் அண்ணி.

"எங்க?"

"கண்ணுல. இந்தா, ஓரத்துல. எனக்கு மஞ்சளாத்தான் தெரியுது."

"நீ என்ன டாக்டரா? அவரு பாத்துச் சொல்லட்டும்."

கேமராக்காரம்மாவுக்கும் மஞ்சளாகத்தான் தெரிந்தது. ஆனாலும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. நாமாக எதையாவது சொல்லி அவர்களை மிரட்டுவானேன், படம்தான் போகப் போகிறதே, டாக்டர் பார்த்து ஊசி போடச் சொல்லிவிடுவார் என்று நினைத்தாள். அவளுடைய பழைய கேமராவிலிருந்து படம் வெளியே வரவேண்டுமென்றால் கம்ப்யூட்டருக்குப் போய்த்தான் ஆக வேண்டும். கார்டை நனையாமல் பிளாஸ்டிக் உறையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, மழையில் வேகவேகமாக நடந்து வந்தாள்.

ஸ்டுடியோ வாசலில் ஏறும்போது பல் கிடுகிடுவென்று ஆடியது. பளபளா பதறிப்போய் எழுந்து வந்தார்.

"என்ன இது, தொப்பலா நனைஞ்சிருக்கே? முதல்ல போய்த் துணியை மாத்து. குடு, நான் அனுப்பறேன்."

"டாக்டருக்கு உடனே போகணும். அண்ணனுக்கும் ஒண்ணு அனுப்பிடுங்க."

"அனுப்பறேன், அனுப்பறேன். நீ உள்ள போ."

அவள் திரைக்குப் பின்னால் போனாள். ஈரத்தைப் பிழிந்து, தலையைத் துவட்டி, போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் இஞ்சி தட்டிப் போட்ட டீயும் ரெண்டு துண்டு ரொட்டியும் கொண்டுவந்து கையில் கொடுத்தார். அந்தச் சூட்டில் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். கண் அசந்துபோன நேரத்தில் டாக்டரின் குரல் ஸ்பீக்கரில் வந்தது.

"பாத்தேன். கண்ணு நல்லா ரோஸா இருக்கு. ஈறும் சுத்தம். மஞ்சளெல்லாம் இல்லை. குளிர்ல வந்த காய்ச்சல்தான், உண்ணிக் காய்ச்சல் இல்லை. நான் சொல்ற மாத்திரையை வாங்கி வெல்லத்துல வெச்சுக் குடுக்கச் சொல்லுங்க. தண்ணி வடிஞ்சதும் வர்றேன்."

"மஞ்சள் இல்லைன்னா சொன்னாரு?" என்று அவள் உள்ளேயிருந்தே கேட்டாள்.

"இல்லவே இல்லைன்னுட்டாரு. மச்சானுக்கும் சொல்லிட்டேன். நீ நிம்மதியாப் படு."

அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. தூறலில் குனிந்து நிமிர்ந்து நாம் என்னத்தைப் பார்த்தோம், படித்தவர் பார்த்துச் சொல்கிறார் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள். எழுந்து போய் அந்தப் படத்தை ஒரு தடவை பார்த்திருக்கலாம். ஒரு எட்டு வைத்தால் கம்ப்யூட்டர். போர்வைக்குள் சூடாக இருந்தது, போகவில்லை.

அன்றைக்கே அவளுக்கும் காய்ச்சல் கண்டுவிட்டது. படுக்கையிலிருந்தபடியே அண்ணனிடம் ஃபோனில் கேட்டுக்கொண்டிருந்தாள். முதலில், மாத்திரை போட்டபின் சூடு கொஞ்சம் தணிந்திருக்கிறது என்றார். மறுநாள், மறுபடியும் ஏறிவிட்டது என்றார். அதற்கடுத்த நாள், பால் மடியில் வற்றிப் போய்விட்டது என்றார். டாக்டரைக் கேட்டால், அதே மருந்தை விடாமல் கொடுங்கள், இங்கே நான் எத்தனை மாட்டைத்தான் ஃபோனிலேயே பார்ப்பது என்று அலுத்துக்கொள்கிறாராம்.

அதற்கும் மறுநாள் காலையில் அண்ணனே ஃபோன் செய்தார்.

"படுத்துட்டா பாப்பா. எழுப்ப எழுப்ப எழுந்திரிக்க மாட்டேங்கறா."

காய்ச்சலோடு எழுந்து ஓடினாள். பளபளா பின்னாலேயே குடையோடு வந்தார், கடையில் ஆள் காத்திருக்கிறது என்று பாதி வழியில் அவளே திருப்பி அனுப்பினாள்.

செவலை கொட்டகைக்கு வெளியே, ஓரச்சுவரை ஒட்டிப் போட்டிருந்த வைக்கோலில் கிடந்தது. கழுத்தைத் திருப்பி வயிற்றின் மேல் போட்டிருந்தது. அண்ணி தலைமாட்டில் உட்கார்ந்து ஈரத்துணியால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நாத்தனாரைப் பார்த்தும் வா என்று சொல்லவில்லை. கேமராக்காரம்மா குனிந்து இமையை இழுத்தாள். மஞ்சள். மடிக்காம்பின் தோல்கூட மஞ்சள். கண் தெரியாதவர்களுக்கும் தெரிகிற மஞ்சள்.

"அண்ணா, இது என்ன இது? இப்படி இருக்கே!"

"எனக்கும் அப்படித்தான் தெரியுது" என்றார் அண்ணன். "ஆனா படத்துல இல்லையே."

ஃபோனை எடுத்துக் காட்டினார். அதில் செவலையின் கண் பெரிதாக இருந்தது. இமையின் உள்பக்கம் அப்போதுதான் பிறந்த கன்றின் நாக்கு மாதிரி ரோஸாக இருந்தது. கருவிழியில், மேல் ஓரத்தில், பளிச்சென்று ஒரு வெளிச்சப் பொட்டு.

தூறல் விழுந்த அந்தக் காலையில் வானத்தில் எங்கேயும் ஒரு பொட்டு வெளிச்சம் கிடையாது. அப்படி ஒன்று அந்தக் கண்ணில் விழ வழியே இல்லை. அந்தப் பொட்டு யார் வைத்தது என்று அவளுக்குத் தெரியும். கண்ணைத் தொட்ட கை கண்ணோடு நிற்குமா?

கொஞ்சம் தள்ளிப் போய், செங்கல் அடுக்குக்குப் பின்னால் நின்று அவருக்கு ஃபோன் செய்தாள்.

"செவலை படத்தை என்ன பண்ணீங்க?"

"என்ன பண்ணேன்? ஒண்ணும் பண்ணலையே. சும்மா கலர் மட்டும் சரி பண்ணேன். தார்ப்பாய் மஞ்சள் அடிச்சிருந்துச்சு, அதை எடுத்துட்டுத்தான் அனுப்பினேன். இல்லைன்னா டாக்டர் காமாலைன்னு தப்பா நெனச்சுக்குவாருல்ல."

அவள் செங்கல் அடுக்கின் ஓரமாக எட்டி, வைக்கோலில் கிடந்த செவலையைப் பார்த்தாள்.

"ஹலோ? என்ன, லைன்ல இருக்கியா?"

"நான் எடுத்தபடியே இருக்கறதை டாக்டருக்கு அனுப்புங்க. கையை வைக்காதீங்க. இப்பவே அனுப்புங்க."

அதற்கு அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது, வேகமாக நடந்து என்ன பிரயோஜனம். உடனே ஊசியைப் போடச் சொல்லுங்க என்று டாக்டர் ஃபோனில் கத்தியது எதிரில் நின்ற அண்ணனுக்கும் கேட்டது. கம்பவுண்டர் பேண்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு, மருந்துப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, தண்ணீர் தேங்கிய சந்தில் நடந்து வந்தார். ஊசியைப் போட்டார். போட்டுவிட்டு இமையை இழுத்துப் பார்த்தார்.

"ஏய்யா, இவ்வளவு மஞ்சளை வெச்சுக்கிட்டு இத்தனை நாளு என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"படத்துல இல்லைங்க" என்றார் அண்ணன்.

கம்பவுண்டருக்கு அது விளங்கவில்லை. மேற்கொண்டு அவரும் கேட்கவில்லை. உச்சிப் பொழுது தாண்டியதும் செவலை காலை ஒருமுறை நீட்டி இழுத்தது. அண்ணி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "போயிட்டியாடி, எங்களை இப்படி நடுத்தெருவுல விட்டுட்டுப் போயிட்டியாடி" என்று வாய்விட்டு அழுதாள். அண்ணன் குடையைப் பிடித்துக்கொண்டே நின்றார். செத்த மாட்டுக்கு எதற்குக் குடை என்று அவருக்குத் தோன்றவில்லை.

ஸ்டுடியோவுக்குத் திரும்பியபோது பளபளா கண்ணாடிக் கதவை மூடி வைத்திருந்தார். கம்ப்யூட்டரில் ரெண்டு படமும் பக்கத்துப் பக்கத்தில் திறந்து கிடந்தன. ஒன்று மஞ்சள், ஒன்று ரோஸ். அவர் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"போயிடுச்சு" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார்.

"கட்டினது நான்தானே" என்றார். "அந்தத் தார்ப்பாய்க்கு அடியில எதை எடுத்தாலும் எவ்வளவு மஞ்சள் ஏறும்னு எனக்குத் தெரியும். அதை அளந்து, பாத்துப் பாத்து எடுத்தேன். வேற எதையும் தொடலை."

"கண்ணுல பொட்டு?"

"அது..." என்று இழுத்தார். "கை பழக்கத்துல வெச்சிருப்பேன்."

"வெளிய கூட்டிட்டு வந்து எடுத்தேன். அந்த வீட்டுல எல்லாரும் நனைஞ்சுட்டு நின்னு எடுத்தோம்."

"நீ சொல்லலையே."

"நீங்க கேக்கலையே!"

கத்திவிட்டாள். திரைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அவ்வளவு சத்தமாக அவள் பேசியதே இல்லை. பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தார்ப்பாய்க்கு வெளியே எடுத்தது என்று கார்டைக் கொடுக்கும்போது ஒரே ஒரு வார்த்தை. உள்ளதை உள்ளபடி எடுக்கிறேன் என்று ஊருக்கெல்லாம் பெருமை பேசத் தெரிந்தது, எடுத்தது எப்படிப் போய்ச் சேருகிறது என்று பார்க்கத் தெரியவில்லையே என்று தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

அவர் அன்று எதுவும் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, மச்சான்கிட்டப் போய்ச் சொல்லிடலாம்" என்றார்.

"அண்ணனுக்கு உங்களாலன்னு தெரியாது. டாக்டர் பாத்தது சரியில்லைன்னு நெனச்சுட்டு இருக்கு."

"அதனாலதான் போகணும்."

மழை விட்டிருந்தது. வானம் மட்டும் அப்படியே தாழ்ந்து கிடந்தது. செவலையைப் புதைத்த இடத்தில் மண் குவிந்து, மேலே முள் வெட்டிப் போட்டிருந்தார்கள். கொட்டகையில் கன்று மட்டும் நின்றது. தொண்டை கட்டிப்போன குரலில் விட்டு விட்டுக் கத்தியது. அண்ணன் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். அண்ணி உள்ளே இருந்தாள், பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்டது.

பளபளா உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. தார்ப்பாய் மஞ்சள் என்று நினைத்தது, அதை எடுத்தது, எடுத்ததை டாக்டருக்கு அனுப்பியது, எல்லாவற்றையும் சொன்னார்.

"என்னை ரெண்டு அடி அடிச்சுடுங்க மச்சான். தாங்கிக்குவேன்."

அண்ணன் சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்தார், அந்தப் படத்தைத் திறந்தார், பார்த்தார், திரும்பவும் பையில் வைத்துக்கொண்டார்.

"உங்களை அடிச்சு என்ன மாப்ளே பண்றது" என்றார். "நீங்க அங்க உக்காந்துட்டு இருந்தீங்க. உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே. காலையில எழுந்ததும் அந்தக் கண்ணைத்தான் பாக்கறேன், ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி அந்தக் கண்ணைத்தான் பாக்கறேன். மஞ்சளாத்தான் இருந்துச்சு. நாளுக்கு நாள் ஏறிட்டுத்தான் இருந்துச்சு."

"டாக்டர் இல்லைன்னுட்டாரே அண்ணா" என்றாள் தங்கை. அண்ணனைத் தேற்றுகிறாளா, புருஷனைத் தேற்றுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

"டாக்டர் படத்தைப் பாத்தாரு. நான் மாட்டையில்ல பாத்தேன்?" குரலைத் தாழ்த்திக்கொண்டு உள்பக்கம் பார்த்தார். "உங்க அண்ணி தினமும் சொன்னா. கம்பவுண்டரைக் கையோட கூட்டிட்டு வந்து ஒரு தடவை காட்டிடுங்கன்னு கால்ல விழாத குறையாச் சொன்னா. ஒவ்வொரு தடவையும் இந்த ஃபோனைத் தூக்கி அவ மூஞ்சிக்கு நேரா நீட்டினேன். 'பாருடி, எங்கடி மஞ்சள்? கண்ணு எப்படி மின்னுது பாரு, உனக்கு எப்பவும் கெட்டதுதான் கண்ணுல படும்'னு அவ வாயை அடைச்சேன். படத்துல அவ்வளவு அழகா இருந்துச்சு மாப்ளே. அதையே நம்பணும்னு இருந்துச்சு."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. அண்ணி வாசலுக்கு வந்தாள். நேற்றிலிருந்து புருஷனிடம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது. கையில் பால் கேன் இருந்தது. கழுவித் துடைத்திருந்தாள். அதை அவர் பக்கத்தில் படிமேல் வைத்தாள்.

"கன்னு வயித்துல ஒண்ணுமில்லாமக் கத்துது" என்றாள். "போய்ப் பால் வாங்கிட்டு வாங்க."

அண்ணன் கேனைப் பார்த்தார்.

"எங்க போய்?"

"நீங்க ஊத்தின இடத்துல எல்லாம் இப்ப யாரு ஊத்தறாங்களோ, அவங்ககிட்ட."

"நான் போய் வாங்கிட்டு வர்றேன் மச்சான்" என்று பளபளா குனிந்து கேனைத் தொட்டார்.

"வைங்க தம்பி" என்றாள் அண்ணி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "அவரே போகட்டும்."

அண்ணன் எழுந்தார். முதுகைப் பிடித்துக்கொண்டு, கேனை எடுத்து சைக்கிளின் கொக்கியில் மாட்டினார். இத்தனை வருஷமாக நிறைந்த கேனைத்தான் அந்த வாசலிலிருந்து கொண்டுபோயிருக்கிறார். காலிக் கேன் ஹேண்டில் பாரில் இடித்து இடித்துச் சத்தம் போட்டது. அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஏறாமலே, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு டீக்கடைப் பக்கம் போனார்.